மதியத் தூக்கத்தில் ஒரு கசிவு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். இப்படித் தொடங்குவதுதான் முறை என்பதால் தொடங்கிவிட்டேன். எந்த அளவுக்குச் சௌக்கியம் என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் சௌக்கியமும், என் மகளின் சௌக்கியமும், சம்பந்தி அவர்கள் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் அந்த இயந்திரத்தின் சௌக்கியமும் அறிய ஆவல். போன தடவை அங்கே வந்திருந்தபோது அவர் அந்த முகமூடியோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, விமானம் எப்போது கிளம்புகிறது என்று நான் கேட்டதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். நானும் குறட்டை விடுவதாகவும், அதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் என் மகள் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது வதந்தி. என் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு சத்தத்தை இந்தக் காது இதுவரை கேட்டதில்லை.

போனிலேயே தட்டி அனுப்பாமல் இந்தக் காலத்தில் தாளில் எழுதித் தபாலில் போடுகிறாரே, மாமாவுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பீர்கள். காரணம் நீங்கள்தான். நீங்கள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பும், அதில் நீங்கள் போட்டுக் கொடுத்த கறுப்புத் திரைக் கருவியும்தான். கம்பியிலும் காற்றிலும் போகிற எதையும் நிறுத்தி, பிரித்து, படித்துவிடலாம் என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இனி ரகசியம் என்று ஒன்று எழுதினால் அது தாளில்தான், பசை போட்டு ஒட்டிய உறையில்தான். இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். என் மகள் கேட்டால் மாமா செடி வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

நான் குடிநீர்த் துறையில் கசிவு கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவகாரம் பூராவும் அந்தத் தொழில்முறைப்படிதான் நடந்தது, கெட்டதும் அதனால்தான். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், கீழே ஓடும் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா, எங்கேயாவது கசிகிறதா, காற்று அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஆபீசில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'காது வந்துட்டாரா' என்றுதான் கேட்பார்கள். எங்கள் முறை எளிது. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஒவ்வொரு வால்வாக மூடு. எதை மூடினதும் மீட்டர் நிற்கிறதோ அந்தக் கிளையில்தான் கசிவு. யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம்; வீட்டுக்காரரை, பக்கத்து வீட்டை, ரோடு போட்டவரை. கையில் இருக்கும் கம்பியை மட்டும் சந்தேகப்படக் கூடாது. கம்பியைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அப்புறம் வேலை நடக்காது.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய வாரமே கருவியை இயக்கிப் பார்த்தேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஒரு வரி கட்டளை அடித்ததும், நெட்டில் போகிற தகவல் பொட்டலங்கள், அதாவது நீங்கள் சொல்லும் பாக்கெட்டுகள், வரிவரியாக ஓட ஆரம்பித்தன. எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போகிறது, எவ்வளவு பெரிசு, எல்லாம் இருந்தது. எனக்கு அது குழாய் ஓடுகிற சத்தத்தைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. நாள் பூராவும் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "இது இந்த லேப்டாப்போட போக்குவரத்தை மட்டும்தான் காட்டும் மாமா, வீடு பூராவும் காட்டாது" என்று சொன்னீர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் தாங்கள் கொடுக்கும் பொருளைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது வழக்கம். அதை உங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் அத்தையிடம்கூட, மாப்பிள்ளை எவ்வளவு பணிவு பார் என்று சொன்னேன்.

கசிவு தெரிந்தது ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து வந்து, கூடத்து மேஜையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். நான் தூங்கிய நேரத்தில் வீட்டிலிருந்து ஏகப்பட்ட பாக்கெட்டுகள், எல்லாம் பெரிது பெரிதாக, எனக்குத் தெரியாத ஒரே விலாசத்துக்குப் போயிருந்தன. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. நான் விழித்திருக்கும்போது ஒரு சொட்டுகூடப் போவதில்லை. நான் தலையைச் சாய்த்ததும் பீறிட்டுக்கொண்டு போகிறது. மாப்பிள்ளை, ஊரில் உள்ள கசிவையெல்லாம் அடைத்தவன் வீட்டிலேயே கசிவு. எனக்கு அவமானமாக இருந்தது. என்ன போகிறது, யாருக்குப் போகிறது, எதற்காக நான் தூங்குவதற்குக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் மட்டும் வந்தது. கசிவு நான் தூங்கினால்தான் வரும் என்பதால், விசாரணையின் பொருட்டு நான் தினமும் தூங்க வேண்டியிருந்தது.

உங்கள் அத்தையை உதவிக்கு வைத்துக்கொண்டேன். அவளைப் போல ஒரு உதவியாளர் எனக்குச் சர்வீசில்கூடக் கிடைத்ததில்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. முதல் நாள் டிவியின் பிளக்கைப் பிடுங்கினோம். கசிவு நிற்கவில்லை. அடுத்த நாள், வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிற அந்தத் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிடுங்கினோம். அப்போதும் நிற்கவில்லை. காலிங்பெல், மேஜை விளக்கு, என் போன், எல்லாம் அணைத்தோம். ஃபிரிட்ஜுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொன்னாள். ஒரு வால்வையும் விடக் கூடாது என்று அதையும் அணைத்தேன். பால் கெட்டது, கசிவு நிற்கவில்லை. உன் போனையும் கொடு என்றேன். "இந்தாங்க, வச்சுக்கோங்க" என்று மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால் முந்தின நாளைவிடப் பெரிதாகப் போயிருக்கிறது. அவள் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இப்பவும் போகுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அடப் பாவமே" என்றாள். ஒரு நாள் மட்டும் வைஃபை பெட்டியையே அணைத்துவிட்டுப் படுத்தேன். அன்று கசிவு இல்லை. ஏனோ அன்று சாயங்காலம் வரைக்கும் உங்கள் அத்தையின் முகம் சரியில்லை. நெட் இல்லாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வீட்டு வால்வெல்லாம் மூடியாகிவிட்டது, மீட்டர் நிற்கவில்லை என்றால் அடுத்தது பக்கத்துக் கிளைதான். மாடியில் குடியிருக்கும் சதுரங்க வாத்தியார் நம் வைஃபை பெட்டியிலிருந்து வயர் இழுத்து நம் நெட்டைத்தான் உபயோகிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். கணினி வழியாக வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறவர், சாது, நடக்கிற சத்தம்கூடக் கீழே கேட்காது. அப்படிச் சத்தம் போடாதவர்கள்மேல்தான் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. குழாயிலும் சத்தம் போடாத கசிவுதான் ரோட்டை இறக்கும். மாடிக்குப் போய், நான் தூங்குகிற நேரத்தில் நீங்கள் வெளியே எதை அனுப்புகிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்தார். அவர் தொழில் அப்படி. பிறகு, நேற்று அந்த நேரத்தில் குதிரையை அனுப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் அவர் வயரைப் பிடுங்கினேன். அவருடைய மாணவி ஒருத்தி ஏதோ போட்டியில் ஜெயிக்கிற நிலையில் இருந்தாளாம். வாத்தியார் திரையிலிருந்து மறைந்ததும் பதறிப்போய் ராணியைக் கொடுத்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அதற்கு முன்னாலும் அதிகம் பேசியதில்லை என்பதால் இது எனக்கு உடனே தெரியவில்லை, உங்கள் அத்தைதான் சொன்னாள். அவர் வயரைப் பிடுங்கிய மறுநாளும் கசிவு அப்படியே இருந்தது.

அதன் பிறகு நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரவழைத்தேன். வந்தவர் என் கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெட் வேலை செய்கிறதா என்று கேட்டார். நன்றாக வேலை செய்கிறது என்றேன். அப்படியென்றால் புகார் என்ன என்றார். நான் தூங்கும்போதும் வேலை செய்கிறது, அதுதான் புகார் என்றேன். அவர் உங்கள் அத்தையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாசலில் அவளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். என்ன கேட்டார் என்றேன். "உங்களுக்கு எத்தனை நாளா இப்படின்னு கேட்டார்" என்றாள்.

இந்த நிலையில்தான் நான் உங்களுக்குப் போன் செய்தேன். கசிவைப் பற்றிச் சொல்லவில்லை, வெறுமனே பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டேன். மாமனார் வீட்டில் கசிவு என்று மாப்பிள்ளைக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. பாக்கெட் போவது தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கன்னாபின்னா என்று எழுத்து வருகிறதே என்றேன். அது பூட்டிய பாக்கெட், ஒட்டிய உறை மாதிரி, சாவி இருந்தால்தான் பிரிக்க முடியும் என்று விளக்கினீர்கள். பிரவுசர் ஒவ்வொரு தடவையும் தானே ஒரு சாவி செய்துகொள்ளும், அந்தச் சாவியை ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைக் கருவிக்குக் காட்டினால் அது பிரித்துப் படித்துக் காட்டும் என்றீர்கள். எந்தப் பிரவுசர் என்று கேட்டேன். இந்த லேப்டாப்பில் இருப்பதுதான் மாமா, வேறு எதையும் இது பிரிக்காது என்றீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த நீளமான கட்டளையை நான் ஒற்றை விரலால் அடிக்க, உங்கள் அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதி வைத்திருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தாள். ஒரு கோடா, இரண்டு கோடா என்று எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. அவள் சொன்னதுதான் சரி. "சாவின்னு எழுதியிருக்கீங்களே, அங்க ஒரு எழுத்து விட்டுட்டீங்க" என்று அவளே திருத்தினாள். எல்லாம் சரியாகிவிட்டதா, இனிமேல் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். தெரிந்துவிடும் என்றேன். "அப்ப நீங்க போய்த் தூங்குங்க" என்றாள்.

எழுந்து வந்து கருவியிடம் சாவிக் கோப்பைக் காட்டினேன். மாப்பிள்ளை, பூட்டு திறந்துகொண்டது. உள்ளே ஏதோ எண்கள், அவற்றுக்குக் கீழே ஒரு ஒலிப்பதிவு. நீங்கள் சொல்லியிருந்தபடி அதைத் தனியாக எடுத்து வைத்து ஓட விட்டேன். நான் எத்தனையோ குழாயைக் கேட்டவன், அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. முதலில் தண்ணீர் கரகரவென்று ஏறுகிறது. ஏறிக்கொண்டே வந்து டக்கென்று நின்றுவிடுகிறது. ஒன்றுமே இல்லை. மோட்டாரை அணைத்துவிட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் உள்ளே எங்கேயோ ஒரு திணறல், ஒரு உதறல், பிறகு அடைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு பெரிய சத்தத்தோடு ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கிறது. இது பம்ப் என்று உடனே பிடித்துவிட்டேன். பழைய பம்ப். யாரோ தன் பழுதான பம்பின் சத்தத்தை நம் வீட்டு நெட் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மறுபடி ஓடவிட்டு, கையால் இடம் காட்டிக் காட்டி விளக்கினேன். இதோ இங்கே காற்றடைப்பு, இதோ இங்கே தண்ணீர் முட்டுகிறது, இதோ இங்கே அடைப்பு பிய்த்துக்கொள்கிறது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு வீட்டுதுன்னு தெரியலை, ஆனா சுத்தப் பொறுப்பில்லாத ஆளு. இப்படியே விட்டா ஒரு நாள் நின்னுடும்" என்றேன்.

"நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"நின்னா நின்னதுதான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் எதிலுமே உப்பு இல்லை. நான் சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் காலை சந்தேகம் தீர இன்னொரு தடவை சத்தமாக ஓடவிட்டேன். மாடியிலிருந்து சதுரங்க வாத்தியார் இறங்கி வந்து வாசலில் நின்றார். பேச்சு நின்றுபோயிருந்த நேரத்தில் அவராக வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். இந்தச் சத்தம் தினமும் மதியம் உங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது, இன்றைக்கு என்ன காலையிலேயே என்று விசாரிக்க வந்தேன் என்றார். தினமும் கேட்கிறதென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் வழக்கம்போல யோசித்துவிட்டு, "எப்படி சார் சொல்றது" என்றார். ஆகவே பம்ப் நம் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். கூடத்துத் தரையில் காதை வைத்துப் படுத்து ஒவ்வொரு கல்லாகக் கேட்டேன். அமைதியாக இருந்தது. நான் விழித்திருக்கும்போது அது ஓடாது என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: தூங்கக் கூடாது, தூங்குவதுபோல நடிக்க வேண்டும்.

அன்று சாப்பிட்டதும் கொட்டாவி விட்டுக்கொண்டே போய்ப் படுத்தேன். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் குறட்டையும் விட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனாலும் சம்பந்தியை மனதில் வைத்துக்கொண்டு நிதானமாக, ஒரே சீராக விட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. ஒற்றைக் கண்ணைச் சிறிதாகத் திறந்து பார்த்தேன். உங்கள் அத்தை லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வயர் இழுபடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். அதை என் தலைமாட்டில் ஸ்டூல்மேல் வைத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. லேப்டாப் என் மூக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை, எத்தனை வால்வு மூடினேன். டிவி, ஃபிரிட்ஜ், காலிங்பெல், மாடி வீடு. மூடாமல் விட்டது கையில் இருந்த கம்பி ஒன்றுதான்.

அவள் முடித்துக்கொண்டு போனதும் எழுந்து, அவள் மாடியில் துணி எடுக்கப் போன சமயம் பார்த்து, எல்லாவற்றையும் பிரித்துப் படித்தேன். அது ஒரு தூக்க டாக்டரின் கிளினிக். கணக்கு உங்கள் மனைவி பேரில் இருந்தது; அந்தப் பக்கத்தை உங்கள் அத்தைக்குப் பழக்கிக் கொடுத்ததும் அவள்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் எனக்குப் பூட்டுத் திறக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், என் மகள் என் மனைவிக்குப் பூட்டிய பாக்கெட் அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். டாக்டர் முன்பு எழுதியிருந்த பதிலும் அதிலேயே இருந்தது. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நிற்கிறது, நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் முகமூடி இயந்திரம் தேவைப்படும், தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதியிருந்தார். பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழைய ஒலிப்பதிவை ஒரு தடவை ஓடவிட்டேன். அது நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்பதுபோல, சாயங்காலமே டாக்டரிடமிருந்து புதுப் பதில் வந்தது. அதையும் உங்கள் அத்தை பார்ப்பதற்கு முன் நானே திறந்து பார்த்துவிட்டேன். இன்றைய பதிவில் மூச்சுத் தடை எங்கேயும் இல்லை, குறட்டை மிகவும் சீராக இருக்கிறது, வியக்கத்தக்க முன்னேற்றம், நேரில் வருவதற்கு இப்போது அவசரமில்லை என்று எழுதியிருந்தார். படித்தவர், அந்தத் துறையில் பெரியவர். அவரே சொன்ன பிறகு நான் மறுத்துப் பேசுவது முறையாகாது. பம்ப் வேறு, மனிதன் வேறு. பம்பைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பு பம்புக்குத்தான் பொருந்தும். அதனால் இந்த விவகாரத்தை இத்தோடு மூடிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கசிவு கண்டுபிடிக்கப்பட்டது, டாக்டர் திருப்தி, முகமூடி தேவையில்லை. இனி தினமும் மதியம் அவள் வரும் நேரத்துக்கு விழித்துக்கொண்டு சீரான குறட்டையாக விட்டுவிட்டு, அவள் போன பிறகு தூங்கிக்கொள்வேன். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பதிவு நடிப்பு என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். என் மகளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் அத்தைக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டாம். டாக்டரின் பதிலைப் படித்துவிட்டு அவள் வெகு நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையிலேயே புதுத்துணி தைக்கக் கொடுக்கிறேன் என்று தையல்கடைக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தாள். இந்த வயதில் அவள் மனதைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கத்தையும், விமானத்தைப் பற்றிச் சொன்னதற்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும். சதுரங்க வாத்தியாருக்கு வயரைத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா

பி.கு.: உறையை மூன்று பக்கமும் பசை போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உங்களைத் தவிர வேறு ஒருவரும் இதைப் பிரித்துப் படிக்க முடியாது. தபாலில் சேர்க்கும்படி உங்கள் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. பசை போட்ட உறையைப் பிரிக்கச் சாவியெல்லாம் வேண்டாம், கெட்டில்ல தண்ணி கொதிக்கும்போது ஆவியில காட்டினாப் போதும். கையெழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தா அதுக்குக் காரணம் அதுதான். அவர் அந்தச் சாவிக் கோப்பு போட்டப்போ நான் தெரிஞ்சேதான் கூட உட்கார்ந்து வாசிச்சேன். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறார், அவர் சத்தத்தை அவரே அவர் காதால கேட்கட்டும்னு விட்டேன். கேட்டுட்டு பம்ப்னு சொன்னார். நான் தையல்கடைக்குப் போகலை, டாக்டரை நேரில் பார்த்து, நேத்து அனுப்பினது தூக்கமில்லை, நடிப்புன்னு சொல்லிட்டு வந்தேன். நேரில் போய்ச் சொன்னா உங்க கருவியில தெரியாதுன்னு எனக்கும் தெரியும். வர்ற வாரம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். நீங்க போன் பண்ணி, இவர் கிளம்பற வரைக்கும் விடாமப் பேசணும், நீங்க சொன்னாக் கேட்பார்.

நடிப்புன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்பீங்க. கண்ணாடியைக் கழட்டாமப் படுத்திருந்தார், அது ஒரு பக்கம். அவர் மூச்சு நிக்கிறப்பல்லாம் எனக்கும் மூச்சு நின்னுடும் மாப்பிள்ளை, அது திரும்ப வர்ற வரைக்கும் நானும் விட மாட்டேன். வருஷக்கணக்கா அப்படித்தான் பக்கத்துல படுத்திருக்கேன். அன்னைக்கு அவர் தலைமாட்டுல உட்கார்ந்திருந்த நேரம் பூராவும், நான் நல்லா மூச்சு விட்டேன்.